தலையெழுத்தா, வெயிலா?

(கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவின் சாரம்)



கடலோரப் பாறையிலும் படகின் அடியிலும் ஒட்டிக்கொண்டு, கால் பட்டால் தோலைக் கிழிக்கிறதே, கொட்டலசு என்னும் சிறு ஜந்து, அதைப் பற்றித்தான் இன்று நாம் பேசப் போகிறோம். ஆங்கிலத்தில் இதற்குப் பார்னக்கிள் என்று பெயர். "சாதியையும் சாமியையும் பற்றிப் பேச வேண்டியவர்களுக்கு இந்தப் பூச்சியிடம் என்ன வேலை?" என்று சிலர் கேட்கலாம். சற்றுப் பொறுத்துக் கேளுங்கள்.

இந்த ஜந்துவின் இனத்தில் தண்டுள்ள ஒரு வகை உண்டு. அதிலிருந்துதான் ஒரு ஜாதிப் பெருவாத்து பிறக்கிறது என்று ஐரோப்பாவில் வெகு காலம் நம்பினார்கள். வேல்ஸ் தேசத்து ஜெரால்டு என்ற பாதிரியார் 12-ம் நூற்றாண்டில் அதைக் கண்ணால் கண்டதாகவே எழுதி வைத்தார். மாம்சத்தில் பிறவாத பறவை என்று சொல்லி, குருமார்கள் விரத நாளிலும் அந்த வாத்தைத் தின்றார்களாம். விரதமும் கெடவில்லை, வயிறும் வாடவில்லை! தாம்சன் என்பவர் கொட்டலசின் குஞ்சைப் பிடித்து வைத்துப் பார்த்து, அதை 1830-ல் வெளியிட்ட பிறகுதான், இது நண்டு, இறால் இனம் என்று தெரிந்தது.

அந்தக் குஞ்சு முதலில் கடலில் நீந்தித் திரிகிறது. பிறகு ஒரு பாறையைத் தேடித் தலைகீழாக ஒட்டிக்கொண்டு, மேலே ஓடு கட்டிக்கொள்கிறது. அதற்கு மேல் சாகும் வரை இடம் மாற முடியாது. நீர் வற்றும் வேளையில் ஓட்டை மூடிக்கொண்டு, உள்ளே இருக்கும் சொட்டு நீரைக் கொண்டுதான் பிழைக்க வேண்டும். வளர்ந்ததற்கு அந்த நீர் போதும். கடுகளவுக் குஞ்சுக்கு எப்படிப் போதும்? பாறை சுடுகிறது, உள்ளிருக்கும் நீர் வற்றுகிறது, குஞ்சு சாகிறது. பக்கத்திலேயே பாறை வெடிப்பின் நிழலில் ஒட்டிய குஞ்சு பிழைத்துக் கொள்கிறது. அது போன ஜென்மத்தில் என்ன புண்ணியம் செய்தது? அதற்குக் கிடைத்தது நிழல், அவ்வளவுதான்.

ஸ்காட்லாந்தில் கம்ப்ரே தீவின் பாறைகளில் சின்ன வகைக் கொட்டலசு மேலேயும், பெரிய வகை கீழேயும் இருக்கின்றன. "அதனதன் இடத்தில் ஆண்டவன் வைத்தான்" என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. ஜோசப் கானெல் என்ற ஆராய்ச்சியாளர் அப்படி விடவில்லை. சின்ன வகை ஒட்டியிருந்த கற்களைக் கீழே கொண்டு வந்து வைத்தார். ஒவ்வொரு கல்லிலும் ஒரு பாதியில் பெரிய வகையை அகற்றிக்கொண்டே வந்தார். மறு பாதியை அப்படியே விட்டார். விட்ட பாதியில் பெரியவை மேலே ஏறிப் படர்ந்தும், அடியில் புகுந்து பெயர்த்தும் சின்னவற்றைக் கொன்றன. அகற்றிய பாதியில் சின்னவை நன்றாகவே வாழ்ந்தன! 1961-ல் இதை அவர் வெளியிட்டார். ஆகவே, மேலே இருப்பது சின்ன வகையின் பிறவித் தர்மம் அல்ல. கீழே அதை வாழவிடவில்லை. பெரிய வகை மேலே ஏறாததும் விதியல்ல. அங்கே அதை வெயிலும் வறட்சியும் கொல்கின்றன.

வெயில்தான் என்பதற்கு ருசு என்ன? அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துக் கரையில் வெதி என்பவர் மேல்பாறைக்குக் கூரை போட்டு நிழல் உண்டாக்கினார். நிழலில் பெரிய வகை அங்கேயும் பிழைத்துச் சின்னதை நெருக்கியது. 1984-ல் இது வெளிவந்தது. ஒரு கூரை விதியை மாற்றிவிடுமானால், அது என்ன விதி?

பெரியது சின்னதை நசுக்குவதைக் காட்டி, "பார், இதுதான் இயற்கை" என்று மனிதனுக்கு நியாயம் சொல்ல எவராவது கிளம்பினால் ஏமாறாதீர்கள். ஒழுக்கத்தைப் பூச்சியிடம் கற்க வேண்டியதில்லை. நாம் கற்க வேண்டியது கானெல் செய்த காரியத்தை: பாதியை மாற்று, பாதியை விடு, பொறுத்திருந்து பார்.

சித்திரை வெயிலில் கைக்குழந்தை துவண்டால் அம்மன் கோபம் என்று குறி கேட்க ஓடுகிறோமே, அது நியாயமா? சிறிய உடம்பிலிருந்து நீர் சீக்கிரம் வற்றும் என்பது கொட்டலசுக் குஞ்சுக்கும் நம் குழந்தைக்கும் பொது. அதற்கு வேண்டியது நிழலும், தாய்ப்பாலும், தாமதியாமல் வைத்தியரும். குறி கேட்கும் நேரத்தில் உயிர் போய்விட்டால், பழியைத் தலையெழுத்தின் மேல் போடுவது யோக்கியமா?

தோழர்களே, நாம் சொல்வதையும் அப்படியே நம்பாதீர்கள். ஏன் என்று கேளுங்கள். சோதித்துப் பார்த்து, சரியென்று பட்டால் மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள்.