தோற்ற அணியின் பக்கம்

நகை பிறக்கும் இடங்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு என்பது தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் வகுப்பு. எள்ளலுக்கு உரை கண்ட பேராசிரியர் அதனை இரண்டாகப் பிரித்துக் காட்டுவார். பிறரை எள்ளித் தான் நகுவது ஒன்று. பிறர் தன்னை எள்ளும்போது தானும் நகுவது மற்றொன்று. முன்னது எவர்க்கும் கைவரும். பின்னது அரியது. மடன் என்பதற்கோ, ஒருவர் சொல்லக் கேட்டுக் கைக்கொண்டதைப் பின்னர் விடாதிருத்தல் என்று உரையாளர் பொருள் கூறுவர். கொண்டதை விடாத குணம் நகைப்புக்கு இடமாவது எங்ஙனம் என்று ஐயுறுவோர், நீலகிரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்துக்குச் சென்று, கோப்பையே வெல்லாத கால்பந்து அணி ஒன்றின் ரசிகரோடு ஒரு மாலைப்பொழுது தேநீர் அருந்தினால் போதும். இலக்கணம் சொன்ன இரண்டும் ஒரே மனிதரிடம் ஒருங்கே இருப்பதைக் காணலாம்.

நீலகிரியின் விளையாட்டு என்றால் வெளியூரார்க்கு நினைவுக்கு வருவன உதகைக் குதிரைப் பந்தயமும், உதகை கிளப்பில் விதிமுறை எழுதப்பெற்றதாகச் சொல்லப்படும் ஸ்னூக்கருமே. அவை துரைமார்களின் ஆட்டங்கள். தொழிலாளர் லைன் வீடுகளுக்கும் படைமுகாம்களுக்கும் வாய்த்தது கால்பந்து. அதற்குப் பச்சைக் கம்பளம் விரித்த மேசை வேண்டா. சற்றே சமமான நிலம் போதும். அந்தச் சமமான நிலம்தான் மலையில் அருமை என்பது வேறு. வரம்புக்கு வெளியே போன பந்து தேயிலைச் சரிவில் உருண்டு எங்கே நிற்கும் என்பது ஆடுவோரினும் வேடிக்கை பார்க்க வந்த சிறுவர்க்கே நன்கு தெரியும்.

குன்னூரை அடுத்த வெலிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமென்ட் மையத்துக்கு ஒரு பொற்காலம் இருந்தது. இந்தியாவின் மிகப் பழைய கால்பந்துப் போட்டியான டூரண்ட் கோப்பையை அம்மையத்து அணி 1955இலும் 1958இலும் வென்றது. அவ்வணியின் பீட்டர் தங்கராஜ் ஹைதராபாத்தில் பிறந்து, 1950களின் முற்பகுதியில் படையில் சேர்ந்தவர். கோல் அடிக்கும் இடத்தில் ஆடத் தொடங்கி, கோல் காக்கும் இடத்துக்கு மாறியவர். 1956, 1960 ஒலிம்பிக் அணிகளில் இடம்பெற்று, 1962இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுத் தங்கம் வென்ற அணியிலும் இருந்தார். நெடிய உருவம்; ஆசியாவின் தலைசிறந்த கோல்கீப்பர் என்று பெயர் பெற்றவர். 1958க்குப் பின் அம்மையத்துக்கு டூரண்ட் கோப்பை மீண்டும் வாய்க்கவில்லை. தாத்தா கண்ட வெற்றியைப் பேரன் கேட்டே வளர்ந்தான். தாத்தாவின் கதையில் தங்கராஜின் உயரம் ஆண்டுதோறும் சற்றுக் கூடியிருந்தால் அதில் வியப்பில்லை. வெற்றி அரிதாகும்போது அதன் நினைவு வளர்வது இயல்புதானே.

ஆயினும் தோல்வியோடு பழகும் கலையின் உண்மையான பள்ளிக்கூடம் வெலிங்டனன்று, கூடலூரே. உதகையிலிருந்து மேற்கே இறங்கினால் கூடலூர்; அதற்கப்பால் நாடுகாணி; மலைப்பாதை இறங்கி முடியும் இடம் வழிக்கடவு, மலப்புரம் மாவட்டம். பந்தலூர், சேரம்பாடி வழியே சென்றால் வயநாடு. இப்பகுதி மலபார் மாவட்டத்திலிருந்து பிரித்து நீலகிரியோடு இணைக்கப்பெற்றது 1877இல்தான். கோப்புகளில் எல்லை மாறியது. வயல்வெளிகளில் எழுவர் ஆடும் செவன்ஸ் பந்தாட்டத்துக்குப் பேர்போன மலப்புரத்தின் காற்று மாறவில்லை. பின்னர், 1964ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி உடன்படிக்கைக்குப் பிறகு, இலங்கை மலையகத்திலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறின. மலையாளமும் தமிழும் ஒரே தேநீர்க் கடை பெஞ்சில் அமர்ந்திருக்கும் இவ்வூர்களில், எந்த அணி 'நம்ம அணி' என்ற கேள்விக்கு மாவட்ட ஆட்சியர் அலுவலகம் விடை சொல்லவியலாது.

மாநிலங்களுக்கிடையேயான சந்தோஷ் கோப்பை 1941 முதல் நடைபெறுவது. கேரளம் அதனை முதன்முதல் வென்றது 1973இல். அடுத்த வெற்றிக்கு 19 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. வெறும் காத்திருப்பு எனில் பொறுக்கலாம். தொடர்ந்து நான்கு ஆண்டுகள் அவ்வணி இறுதியாட்டம்வரை சென்று தோற்றது. கொல்லத்தில் பஞ்சாபிடம், குவாஹாத்தியில் வங்கத்திடம், மட்காவில் கோவாவிடம், 1991இல் சொந்த மண்ணான பாலக்காட்டில் மகாராஷ்டிரத்திடம் ஒரே ஒரு கோலில். முதற்சுற்றில் தோற்கும் அணியின் ரசிகன் கொடுத்துவைத்தவன். அவனுக்கு ஏமாற்றம் சீக்கிரமே முடிந்துவிடுகிறது. இறுதியாட்டத்தில் தோற்கும் அணி தன் ரசிகனைக் கடைசிப் படிவரை ஏற்றிய பிறகே கையை விடுகிறது. நான்கு முறை அவ்வாறு விழுந்தவர் ஐந்தாம் முறை ஏறினார்களா? ஏறினார்கள். 1992இல் இறுதியாட்டம் நடந்தது கோவையில், நீலகிரியின் அடிவாரத்தில். வி. பி. சத்தியன் தலைமையில் கேரளம் 3-0 என்று கோவாவை வென்றது. அன்று பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்து அரங்கில் திரண்ட கூட்டத்தைக் கண்டவர்கள், ஆட்டம் தமிழகத்தில் நடப்பதையே மறந்திருப்பார்கள்.

தமிழ்நாட்டு அணியின் ரசிகர்க்கு அந்த ஆறுதலும் கிட்டியதில்லை. தமிழ்நாடு சந்தோஷ் கோப்பையை ஒருமுறையேனும் வென்றதில்லை. 2012இல் கட்டாக்கில் இறுதியாட்டம்வரை சென்று, 3-2 என்று தோற்றது. வென்றது யார்? ஒருகாலத்தில் தங்கராஜ் ஆடிய சர்வீசஸ் அணி! அவ்வணிக்கு அது 1960க்குப் பின் கிடைத்த முதல் சந்தோஷ் கோப்பை. 52 ஆண்டுத் தவம். படைமுகாமும் தமிழ்ச் சிற்றூர்களும் அடுத்தடுத்து இருக்கும் நீலகிரியில் அன்று எவர் முகத்தைப் பார்த்து எவர் சிரித்தார் என்பது விசாரிக்கத்தக்கது.

தோற்றவன் பக்கம் நிற்பது தமிழ் மரபுக்குப் புதிதன்று. வெண்ணிப் பறந்தலையில் கரிகாலன் வென்றான். சேரமான் பெருஞ்சேரலாதன் முதுகில் புண்பட்டு, அதற்கு நாணி வடக்கிருந்தான். வெண்ணியூரைச் சேர்ந்த குயத்தியார், வென்ற சோழனையே முன்னிலைப்படுத்தி, உன்னைவிட அவன் நல்லவனல்லனோ என்று கேட்ட பாட்டு புறநானூற்றில் 66ஆம் பாட்டாக நிற்கிறது. வெற்றியை மறுக்கவில்லை அவர். கரிகாலனின் ஆற்றலைப் புகழ்ந்துவிட்டே அக்கேள்வியைக் கேட்கிறார். பந்தாட்ட ரசிகர் சொல்வதும் ஏறத்தாழ இதுவே: "அவன் ஜெயிச்சான், சரி, ஆடினது யாரு?" இந்த வாதத்தில் ஓரளவு உண்மையும் பேரளவு பிடிவாதமும் கலந்திருக்கும். தோற்றவன் சேரனாக அமைந்தது தற்செயலே. கேரள அணியின் ரசிகர்கள் அதையும் தங்கள் கணக்கில் எழுதிக்கொள்வார்களாயின் யார் தடுக்க முடியும்?

கண்ணால் காணாத அணிக்கும் இந்த விசுவாசம் நீள்கிறது. உலகக் கோப்பை வந்தால் மலபாரும் அதை ஒட்டிய நீலகிரிப் பகுதியும் அர்ஜென்டினா, பிரேசில் எனப் பிரிந்துவிடும். அர்ஜென்டினாக்காரர் 1986 முதல் காத்திருந்தார்கள். 1990 இறுதியாட்டத்திலும் 2014 இறுதியாட்டத்திலும் ஜெர்மனியிடம் 1-0 என்று தோல்வி. பிரேசில்காரர் ஐந்து கோப்பை என்று ஐந்து விரலைக் காட்டுவார். எதிரே இருப்பவர் ஏழு விரலைக் காட்டினால் அவர் அடங்கிவிடுவார். 2014இல் பெலோ ஹொரிசாந்தியில் ஜெர்மனி அடித்த ஏழு கோல்களின் கணக்கு அது. 2022 நவம்பரில் கோழிக்கோட்டுப் பக்கம் புள்ளாவூரில், சிற்றாற்றின் நடுவே 30 அடி உயர மெஸ்ஸி நிறுத்தப்பட்டார். சில நாளில் 40 அடி நெய்மார் அருகே எழுந்தார். ரொனால்டோவும் சும்மா இருக்கவில்லை. ஆற்றின் போக்குக்கு இடையூறு என்று ஊராட்சிக்குப் புகார் போயிற்று. உலகக் கால்பந்துச் சம்மேளனமோ அப்படத்தை உலகுக்குக் காட்டி மகிழ்ந்தது. முதல் ஆட்டத்தில் அர்ஜென்டினா சவூதி அரேபியாவிடம் 2-1 என்று தோற்றபோது, அந்த 30 அடிக்கு ஒவ்வோர் அடிக்கும் ஒரு கேலி கிடைத்தது. கேலிகளுள் கூர்மையானவற்றை அர்ஜென்டினா ரசிகர்களே உண்டாக்கினார்கள் என்பதுதான் பேராசிரியர் உரைக்குச் சான்று. பிறர் குத்துமுன் தானே குத்திக்கொண்டால் காயம் ஆழமாக இராது. அவ்வாண்டு டிசம்பர் 18ஆம் நாள் 36 ஆண்டு விரதம் முடிந்தது. முடிந்ததும் சிலர்க்கு என்ன பேசுவதென்றே தெரியாமல் போயிற்று. காத்திருப்பைப் பற்றிப் பேசியே பழகிய நாவல்லவா.

2014இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது கேரளா பிளாஸ்டர்ஸ் பிறந்தது. அதன் ரசிகர் படைக்கு 'மஞ்ஞப்பட' என்று பெயர். மஞ்சள் படை என்று பொருள். முதலாண்டே இறுதியாட்டம், மும்பையில், ஆட்டம் முடியும் தறுவாயில் கொல்கத்தா அடித்த ஒரே கோலில் தோல்வி. 2016இல் கொச்சியில், சொந்த மக்கள் முன்னிலையில், அதே கொல்கத்தாவிடம் பெனால்டியில் தோல்வி. 2022 மார்ச் 20இல் கோவாவில் ஹைதராபாத்துக்கு எதிராக 68ஆம் நிமிடம் முன்னிலை பெற்று, 88ஆம் நிமிடம் அதை இழந்து, மீண்டும் பெனால்டியில் தோல்வி. அந்த ஆட்டத்தைக் காணப் பைக்கில் புறப்பட்ட மலப்புரம் இளைஞர் இருவர் காசர்கோட்டுப் பக்கம் விபத்தில் இறந்தனர். அவ்விடத்தில் எந்த நகைச்சுவைக்கும் வாய் எழாது.

ரசிகத்தன்மை வெறும் பொழுதுபோக்கு என்பாருக்குக் கொல்கத்தாவும் விடை சொல்லும். 1920இல் தோன்றிய ஈஸ்ட் பெங்கால், பிரிவினையில் ஊரிழந்து வந்தோரின் அணியாயிற்று. நிலம் போனவனுக்குப் பெயரில் ஊரைத் தாங்கிய அணி ஒன்று இருந்தது. 1980 ஆகஸ்டு 16இல் ஈடன் கார்டனில் மோகன் பகானோடு நடந்த ஆட்டத்தில் மூண்ட கலவரத்தில் 16 ரசிகர்கள் மடிந்தார்கள். 2012 பெடரேஷன் கோப்பைக்குப் பின் தேசியக் கோப்பை எதையும் காணாதிருந்த அவ்வணி, 2024 ஜனவரியில் புவனேசுவரத்தில் சூப்பர் கோப்பையை வென்றபோது, இடைப்பட்ட 12 ஆண்டுகளும் அதன் ரசிகர்கள் எங்கும் போய்விடவில்லை.

கொண்டதை விடாமை என்ற மடனுக்கு ஒரு தீங்கும் உண்டு. விடமாட்டான் என்று தெரிந்துவிட்டால், அவனைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்று அணியை நடத்துவோர்க்குத் தோன்றும். நுழைவுச்சீட்டும் சட்டையும் விற்றுக்கொண்டே இருக்குமல்லவா? மஞ்ஞப்படையினர் 2024-25 பருவத்தில் நிர்வாகத்துக்கு எதிராகவே குரலெழுப்பியதை இந்த ஒளியில் காண வேண்டும். அணியை அவர்கள் விடவில்லை. அணியை வைத்திருப்பவரைக் கேள்வி கேட்டார்கள். இது விசுவாசக் குறைவு என்று சிலர் கூறியது பொருந்தாது. குயத்தியாரும் தம் அரசனிடம்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

2025 ஜூலையில் வேறொரு சோதனை வந்தது. கூட்டமைப்புக்கும் போட்டியை நடத்தும் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமையால், லீக் போட்டியே நிறுத்திவைக்கப்பட்டது. வழக்கமாகச் செப்டம்பரில் தொடங்கும் ஆட்டங்கள் அவ்வாண்டு முடியும்வரை தொடங்கவில்லை. தோற்பதற்கேனும் ஓர் ஆட்டம் வேண்டுமே என்ற நிலை.

பனி இறங்கும் மலைக்கு நெருக்கமான ஒரு நிகழ்ச்சி இங்கு நினைவுக்கு வரும். 1937 கிறிஸ்துமஸ் நாளன்று இலண்டனில் செல்சி அணியும் சார்ல்டன் அணியும் ஆடிக்கொண்டிருந்தன. மூடுபனி திரண்டு வந்தது. சார்ல்டன் கோல்கீப்பர் சாம் பார்ட்ரம் தன் கோல் கம்பங்களுக்கிடையே நின்றார். எதிரே ஒருவரும் வரவில்லை. நம் ஆட்கள் அந்தப் பக்கத்திலேயே செல்சியை நெருக்கிக்கொண்டிருக்கிறார்கள் போலும் என்று எண்ணி, பந்து வந்தால் பிடிக்கத் தயாராக, கண்ணை இடுக்கிப் பார்த்துக்கொண்டே நின்றார். ஏறத்தாழக் கால்மணி நேரம் கழித்துப் பனிக்குள்ளிருந்து ஓர் உருவம் வந்தது. ஆட்டக்காரரன்று, காவலர். ஆட்டம் நிறுத்தப்பட்டு நெடுநேரமாயிற்று, மைதானத்தில் ஒருவரும் இல்லை என்று அவர் சொன்னார். பார்ட்ரம் தட்டுத்தடுமாறி உடைமாற்றும் அறையை அடைந்தபோது, குளித்து உடை மாற்றிக்கொண்டிருந்த அவருடைய அணியினர் அவரைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்களாம். அந்தக் கதையைத் தம் நூலில் எழுதி ஊரறியச் செய்தவர் பார்ட்ரமே.