சுவருக்கு முன்னால் தண்ணிக்கு வழி



எங்கள் வீடு கோத்தகிரி பக்கம், சரிவில் இருக்கு. 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண்சரிவு எத்தனை உயிரைக் கொண்டுபோனது என்று நம்மில் யாரும் மறக்கவில்லை. அதனால் போன ஐப்பசியில் வாசல் மண் கரைந்து அஸ்திவாரக் கல் வெளியே தெரிஞ்சப்போ எனக்குத் தூக்கமே வரவில்லை.

குழுவில் கடன் வாங்கிக் கல் சுவர் கட்டினேன். தண்ணி வெளியேற ஓட்டை வைக்கவில்லை. பின்னால் தண்ணி தேங்கி, அடுத்த பெருமழையிலேயே சுவர் சாய்ந்தது. கடன் மட்டும் நின்றது!

குழு அக்காமார் குடையோடு வந்தாங்க. மழையிலேயே நின்று தண்ணி வரும் வழியைப் பார்த்தோம். வீட்டுக்கு மேல்புறம் குறுக்கே வாய்க்கால் வெட்டி, கல் பதித்து, ஓடையில் சேர்த்தோம். கீழ்வீட்டு வாசலில் தள்ளிவிடவில்லை. அவங்களும் நம்ம குழுதானே. விழுந்த கல்லையே வைத்துச் சுவர் எழுப்பி, இடையிடையே குழாய்த் துண்டு செருகி, பின்னால் ஜல்லி நிரப்பினோம். சரிவுக்குக் குறுக்கே வெட்டிவேரை வரிசையாக, நெருக்கமாக நட்டோம்.

இந்த ஐப்பசியில் மண் நின்றது. இன்னும் நாலு தவணை பாக்கி இருக்கு, கட்டிடுவேன். நீங்க சுவர் கட்டும் முன்னால் தண்ணிக்கு வழி விடுங்க.