புது முட்டியும் வீட்டுப் பணிவிடையும்



விடியுமுன் எழுந்து, பனியில் நனைந்து, குனிந்து மரம் சீவி, மேட்டிலும் பள்ளத்திலும் பால் வாளி சுமந்த கால்கள் நம் தாய்மார்களின் கால்கள். தோட்டத்தை விட்டுக் கிள்ளான், கோலாலம்பூர் அடுக்குமாடி வீடுகளுக்கு நாம் வந்துவிட்டோம். முட்டி மட்டும் பழைய பாரத்தை மறக்கவில்லை.

மருத்துவர் தேய்ந்த பரப்பை நீக்கி, உலோகமும் உறுதியான பிளாஸ்டிக்கும் பொருத்துகிறார். அந்த வேலை ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். அடுத்த ஆறு வாரங்கள் நம் பொறுப்பு. அங்கேதான் நம் பாசம் தவறு செய்கிறது.

"பாவம், அசையாமல் படுக்கட்டும்" என்று முட்டியின் கீழே தலையணை வைக்கிறோம். மடங்கியே கிடந்த முட்டி பிறகு நேராக நீள மறுக்கும். ஆயுளுக்கும் நொண்டி நடக்க நேரும். தலையணையைக் குதிகாலுக்கு அடியில் வைக்க வேண்டும். மடக்கவும் வேண்டும். நாற்காலியில் அமர்ந்து, பாதத்தைத் தரையோடு தேய்த்துப் பின்னுக்கு இழுக்கச் சொல்லுங்கள். வலிக்கும், அம்மா நம்மைத் திட்டவும் செய்வார். திட்டு வாங்கிக்கொள்வோம். இந்த வாரங்களை வீணாக்கினால் உள்ளே தழும்பு இறுகிவிடும்.

இந்தியப் பிரதமராக இருந்த வாஜ்பாய்க்கு 2000ஆம் ஆண்டு அக்டோபரில் இடது முட்டியும், 2001 ஜூனில் வலது முட்டியும் மும்பாயில் மாற்றப்பட்டன. பிரதமரானாலும் பால் வெட்டியவரானாலும் முட்டியைத் தாமே மடக்கிப் பழக வேண்டியதுதான்!

வலி மாத்திரையை மிச்சம் பிடிக்காதீர்கள். பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்னதாக, மருத்துவர் சொன்ன அளவில் கொடுங்கள். வீக்கத்துக்குப் பனிக்கட்டியைத் துணியில் சுற்றிக் கால் மணி நேரம் வைக்கலாம். காயத்தில் எண்ணெயோ மஞ்சளோ வேண்டாம். மீனும் முட்டையும் புண்ணைச் சீழ் பிடிக்கவைக்கும் என்று பாட்டிமார் பத்தியம் வைப்பார்கள். ஆறும் சதைக்கு அந்தப் புரதம்தான் தேவை. நீரிழிவு உள்ளவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் காயம் ஆறத் தாமதமாகும், கிருமியும் எளிதில் தொற்றும்.

கெண்டைக்கால் வீங்கி வலித்தால் அதைத் தேய்த்துவிடக் கூடாது. உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம். அப்போதே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காய்ச்சலோ காயத்தில் கசிவோ கண்டாலும் அப்படியே. மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் 999 எண்ணை அழையுங்கள். இரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த மருந்தைச் சொன்ன நாள்வரை நிறுத்தாதீர்கள்.

குந்து கழிப்பறை உள்ள வீட்டில் துளையிட்ட நாற்காலி ஒன்றை முன்கூட்டியே தேடிவையுங்கள். ஈரத் தரையில் விரிப்பு வேண்டாம், வழுக்கிவிடும். மின்தூக்கி பழுதான நாளில் மாடி ஏறவேண்டி வந்தால், கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நல்ல காலை முதலில் மேலே வைக்கட்டும். இறங்கும்போது புது முட்டிக் கால் முதலில்.

சில மாதங்கள் சென்றபின், தரையில் சம்மணமிட்டுப் பூத் தொடுக்கலாமா என்று அம்மா கேட்பார். பூக்கூடையை மேசைமேல் வைத்து, நாற்காலியை இழுத்துப் போடுங்கள்.