பயிர்க்கடனும் கைபேசியும்: எந்தச் சங்கத்தில் கணக்கு வைக்கலாம்?



மீஞ்சூர், பொன்னேரி, சோழவரம் பக்கத்து விவசாயிகளுக்கு இது தெரிந்த சங்கதிதான். நேரடிக் கொள்முதல் நிலையத்திலே நெல்லை எடை போட்டுக் கொடுத்தா, பணம் கையிலே வர்றதில்லை, கணக்கிலே வருது. பி.எம். கிசான் 2,000 ரூபாய் நாலு மாசத்துக்கு ஒரு தடவை கணக்கிலேதான் வருது. காசிமேட்டிலேயும் எண்ணூரிலேயும் நம்ம மீனவச் சகோதரர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நிவாரணமும் கணக்கிலேதான். எண்ணூர்த் துறைமுகத்திலேருந்து மாமல்லபுரம் பக்கத்துப் பூஞ்சேரி வரைக்கும் போடுகிற சென்னை எல்லைச் சாலைக்கு நிலம் கொடுத்தவர்களுக்கு லட்சக் கணக்கிலே இழப்பீடு வந்ததும் அப்படியே.

ஆக, கணக்கு எங்கே வைக்கிறது என்பது சின்ன விஷயம் இல்லை. "நம்ம சொசைட்டியிலேயே போட்டுடலாமா, அங்கேயும் செல்போன்லே பணம் அனுப்பற வசதி இருக்கா?" என்று பல பேர் கேட்கிறார்கள். அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

முதலிலே ஒரு பழைய கதை. கூட்டுறவுக் கடன் சங்கம் என்பது நமக்கு அயலூர்ச் சரக்கு இல்லை. டி.கே.எம். நெல் ரகங்களைத் தந்த திரூர் இருக்கிறதே, அதே திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரிலேதான் 1904-ஆம் வருஷம் விவசாயிகளுக்கான கடன் சங்கம் தொடங்கினது. நாட்டிலேயே முதல் சங்கங்களில் ஒன்று அது. அதற்கு முன்னாலே சென்னை அரசாங்கம் பிரடெரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை ஐரோப்பாவுக்கு அனுப்பியது. ஜெர்மனியிலே ரைபைசன் என்பவர் கிராமத்துக்குக் கிராமம் ஏற்படுத்தின கடன் சங்கங்களை அவர் பார்த்துவிட்டு வந்து, லேவாதேவிக்காரனிடமிருந்து குடியானவனை மீட்க இதுதான் வழி என்று அறிக்கை எழுதினார். 1907-லே பாஸ்டன் நகரத்து வியாபாரி எட்வர்ட் பைலீன் இந்தியாவுக்கு வந்தார். இங்கே கிராமச் சங்கங்களைப் பார்த்த அவர்தான் பிற்பாடு அமெரிக்காவிலே 'கிரெடிட் யூனியன்' என்கிற கடன் சங்கங்கள் பரவக் காரணமாக இருந்தார். இன்றைக்கு அந்த ஊர்க்காரர்கள் தங்கள் கடன் சங்கத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, செல்போன் வசதி நல்லா இருக்கா என்று பார்த்துத்தான் சேருகிறார்கள். நாமும் பார்க்கலாம், தப்பில்லை. ஆனா நம்ம ஊரிலே அதற்கு முன்னாலே பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது.

அது என்னவென்றால், சங்கம் வேறு, வங்கி வேறு. நாம பேச்சுவாக்கிலே எல்லாத்தையும் 'பேங்கு' என்று சொல்லிவிடுகிறோம். ஊரிலே பயிர்க்கடன் கொடுக்கிற தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு கடன் சங்கம் வங்கி இல்லை. எண்ணூர், திருவொற்றியூர், மணலி ஆலைகளிலே வேலை பார்க்கிற உங்க பிள்ளைகள் சம்பளத்திலே பிடித்தம் செய்து சேர்த்து வைக்கிறார்களே, பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம், அதுவும் வங்கி இல்லை. இந்தச் சங்கங்களுக்கு மேலே மாவட்ட அளவிலே இருப்பது மத்தியக் கூட்டுறவு வங்கி. பொன்னேரி, மீஞ்சூர் பக்கத்துக்குக் காஞ்சிபுரம் மத்தியக் கூட்டுறவு வங்கி. மாநகரத்துக்குள்ளே ராயபுரம், திருவொற்றியூர் பக்கத்துக்குச் சென்னை மத்தியக் கூட்டுறவு வங்கி. அதற்கும் மேலே பாரிமுனையிலே தமிழ்நாடு மாநிலத் தலைமைக் கூட்டுறவு வங்கி. இவையெல்லாம் ரிசர்வ் வங்கியின் உரிமத்தோடு நடக்கிற வங்கிகள்.

இந்த வித்தியாசத்தாலே நமக்கு என்ன வந்தது? அங்கேதான் பணமே இருக்கிறது. உரிமம் பெற்ற வங்கியிலே, அது கூட்டுறவு வங்கியா இருந்தாலும் சரி, போட்ட பணத்துக்கு வைப்பு நிதிக் காப்புறுதி உண்டு. 2020 பிப்ரவரி 4 முதல் ஓர் ஆளுக்கு ஒரு வங்கியிலே 5 லட்சம் ரூபாய் வரைக்கும். அதற்கு முன்னாலே ஒரு லட்சம்தான். அசலும் வட்டியும் சேர்ந்துதான் அந்த 5 லட்சம்; அதே வங்கியின் நாலு கிளையிலே பிரித்துப் போட்டாலும் ஒண்ணாத்தான் கூட்டுவார்கள். ஆனா கிராமத்துக் கடன் சங்கத்துக்கும் பணியாளர் சங்கத்துக்கும் இந்தக் காப்புறுதி கிடையாது. சங்கம் வங்கி என்ற பேரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று சட்டத் திருத்தம் 2020-லே வந்தது. அடுத்த வருஷம் நவம்பரிலே ரிசர்வ் வங்கி பொதுமக்களுக்கு எச்சரிக்கையும் விட்டது. பழைய பலகையைப் பார்த்து ஏமாறாதீங்க.

வங்கி என்றாலும் நோவு வராது என்று சொல்ல முடியாது. 2019 செப்டம்பரிலே மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட பி.எம்.சி. கூட்டுறவு வங்கி, 137 கிளை இருந்த பெரிய வங்கி, ஒரே நாளிலே முடங்கினது. கணக்கிலே எத்தனை லட்சம் இருந்தாலும் முதலிலே 1,000 ரூபாய்தான் எடுக்கலாம் என்று கட்டுப்பாடு. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினார்கள். 2022-லேதான் அது வேறொரு வங்கியோடு சேர்க்கப்பட்டது. இப்போ 2021-லே வந்த திருத்தப்படி, இப்படி ஒரு வங்கிக்குக் கட்டுப்பாடு வந்தால் காப்புறுதிப் பணத்தை 90 நாளைக்குள்ளே தர வேண்டும். செல்போன் செயலி எவ்வளவு பளபளப்பா இருக்கு என்பதைப் பார்த்து வங்கியின் பலத்தைக் கணிக்க முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

அதனாலே என் அபிப்பிராயம் இது. பயிர்க்கடனுக்கு ஊர்ச் சங்கத்தை விடாதீங்க. குறித்த தவணைக்குள்ளே கட்டினால் வட்டியே இல்லாத கடன் வேறே எங்கே கிடைக்கும்? உரமும் அங்கேயே கிடைக்கிறது. நிலத்துக்கு வந்த இழப்பீடு மாதிரி பெரிய தொகையை மட்டும் சங்கத்திலே குவிக்க வேண்டாம். உரிமம் பெற்ற வங்கிகளிலே, ஒரு வங்கிக்கு 5 லட்சத்துக்குள் நிற்கிற மாதிரி பிரித்து வையுங்க. செயலாளர் நம்ம ஊர்ப் பிள்ளை, நல்லவர்தான், இருக்கட்டும். அவர் நல்லவர் என்பதும் காப்புறுதியும் ஒண்ணு இல்லையே.

சரி, இனி செல்போன் விஷயத்துக்கு வருவோம்.

கூட்டுறவு வங்கிகளிலே இணைய வசதி இரண்டு தினுசு. ஒண்ணு, இருப்பு எவ்வளவு, என்ன வந்தது, என்ன போனது என்று பார்க்க மட்டும். மற்றொண்ணு, பணம் அனுப்பவும் செய்யலாம். இந்த இரண்டாவதுக்கு ரிசர்வ் வங்கியின் அனுமதி வேண்டும். வங்கியின் நிதிநிலை நல்லா இருந்தால்தான் கொடுப்பார்கள். ஆகவே "உங்க கிட்டே ஆப் இருக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துடாதீங்க. "அதிலே பணம் அனுப்ப முடியுமா, இல்லே பார்க்க மட்டுமா?" என்று கேளுங்க. அதற்குச் சொல்கிற பதிலிலேயே அந்த வங்கி உங்களுக்குத் தோதா இல்லையா என்று பாதி தெரிந்துவிடும்.

அடுத்தது யு.பி.ஐ. டிராக்டர் வாடகை, அறுவடை இயந்திரக்காரர், பூச்சிமருந்துக் கடை எல்லாருமே இப்போ அந்தக் கட்டம் போட்ட அட்டையைத்தான் நீட்டுகிறார்கள். வங்கியின் சொந்தச் செயலி சுமாரா இருந்தாலும் பாதகமில்லை. பொதுவான யு.பி.ஐ. செயலியிலே வங்கிகளின் பட்டியல் வரும். அதிலே நீங்க சேரப்போகிற வங்கியின் பேர் இருக்கிறதா என்று பிள்ளைகளை விட்டுப் பார்க்கச் சொல்லுங்க. கணக்குத் தொடங்குவதற்கு முன்னாடியே பார்த்துவிடலாம், காசு செலவில்லை. ஊர்ச் சங்கத்தின் பேர் அந்தப் பட்டியலிலே இராது. சங்க உறுப்பினருக்கு மத்தியக் கூட்டுறவு வங்கியிலே ஒரு சேமிப்புக் கணக்கும் ரூபே கிசான் அட்டையும் இருக்குமே, அதை வைத்துத்தான் இந்த வேலை நடக்கும். 2022 ஜூனிலே மத்திய அமைச்சரவை 63,000 சங்கங்களைக் கணினிமயமாக்க 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. சங்கத்திலே கணினி வந்துவிட்டதாலே சங்கம் வங்கியாகிவிடாது; உங்க கணக்கு வழக்கு ஒழுங்காப் பதிவாகும், அவ்வளவுதான்.

பட்டன் போன் வைத்திருக்கிறவர்கள் கவலைப்பட வேண்டாம். அவர்களுக்காகவே 2022 மார்ச்சிலே யு.பி.ஐ. 123பே என்று ஒரு வசதி வந்தது. நட்சத்திரம், 99, ஹாஷ் அழுத்தி இருப்பு பார்க்கிற பழைய முறையும் இருக்கிறது. உங்க வங்கி இவற்றிலே சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்குங்க. ரேகை வைத்துப் பணம் எடுப்பதும் உண்டு. ஆனா மண்ணிலேயும் சேற்றிலேயும் வேலை செய்த விரலுக்கு ரேகை எங்கே நிற்கிறது? இயந்திரம் எடுக்க மாட்டேன் என்று அடம் பிடிக்கும். அதை மட்டும் நம்பி ஒரு வங்கியைத் தேர்ந்தெடுக்காதீங்க. அட்டையும் வாங்கி வைத்துக்குங்க.

இன்னொரு சங்கதி. புதுக் கணக்குத் தொடங்குகிற ஆசையிலே எல்லா வங்கியிலேயும் ஆதார் அட்டையை நீட்டி, இணைப்புக்குக் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். ஆதார் வழியா வருகிற அரசுப் பணம், கடைசியா எந்த வங்கியிலே மானியத்துக்காக இணைத்தீர்களோ அங்கேதான் போகும். "கிசான் பணம் ரெண்டு தவணையா வரலே" என்று தாலுகா ஆபீசுக்கு நடையா நடக்கிற ஆள் சிலர் விஷயத்திலே, பணம் மறந்துபோன இன்னொரு கணக்கிலே சும்மாத் தூங்கிக்கிட்டு இருக்கும். கணக்கை மாற்றினால், இணைப்பை எங்கே வைக்கிறது என்று நீங்களே முடிவு செய்து, வங்கியிலே சொல்லிச் செய்யுங்க.

பயிர்க்கடன் தவணை விஷயத்திலே ரொம்ப ஜாக்கிரதை வேண்டும். மத்தியக் கூட்டுறவு வங்கியிலே உங்க சேமிப்புக் கணக்கிலே பணம் இருக்கிறது என்பதாலே சங்கத்துக் கடன் தானா அடைந்துவிடாது. மகன் திருவொற்றியூரிலேருந்து செல்போன்லே 80,000 ரூபாய் அனுப்பினான், அது சேமிப்புக் கணக்கிலே உட்கார்ந்திருக்கிறது, இங்கே தவணைத் தேதி தாண்டிப் போச்சு என்று வைத்துக்குங்க. வட்டியில்லாக் கடன் வட்டிக் கடனாகிவிடும். தவணைக்குப் பத்து நாள் முன்னாடியே சங்கத்துக்குப் போய்க் கட்டி, ரசீது வாங்கி, கடன் கணக்கிலே வரவு வைத்ததைக் கண்ணாலே பார்த்துவிட்டு வாங்க. செல்போன் நம்பரை மாற்றினால் அன்றைக்கே சங்கத்திலேயும் வங்கியிலேயும் எழுதிக் கொடுங்க. ஒவ்வொரு வரவுக்கும் பற்றுக்கும் குறுஞ்செய்தி வர வேண்டும். அது ஒழுங்கா வராத வங்கியிலே மற்ற வசதி எத்தனை இருந்தும் பிரயோசனம் இல்லை என்பேன்.

அனுப்பின பணம் நடுவிலே மாட்டிக்கொண்டால்? உங்க கணக்கிலே கழிந்து, அவர் கணக்கிலே சேரவில்லை என்றால், யு.பி.ஐ.யிலே அடுத்த நாளைக்குள்ளே தானாகத் திரும்ப வேண்டும். ஏ.டி.எம்.மிலே பணம் வராமல் கணக்கிலே மட்டும் கழிந்தால் 5 நாள் கெடு. கெடு தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் வங்கி உங்களுக்குத் தர வேண்டும். 2019-லே ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு இது. கேட்டு வாங்குங்க.

இனி திருட்டு விஷயம். "பி.எம். கிசான் பட்டியல்" என்று வாட்ஸப்பிலே ஒரு கோப்பு வரும். தொட்டால் செல்போனுக்குள்ளே ஒரு செயலி புகுந்து உட்கார்ந்துகொண்டு, வங்கியிலேருந்து வருகிற ரகசிய எண்ணைத் திருடும். செயலியை வங்கிக் கிளையிலே காட்டுகிற இடத்திலேருந்தோ, போன்லேயே இருக்கிற கடையிலேருந்தோ மட்டும் இறக்குங்க. வங்கியின் இணைய முகவரி 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடிகிறதா என்றும் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்க. 2025-லே ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளையும் இந்த முகவரிக்கு மாறச் சொல்லியிருக்கிறது. பணம் வாங்குவதற்கு ரகசிய எண் போட வேண்டியதே இல்லை. கொடுப்பதற்குத்தான் போட வேண்டும். "பணம் அனுப்பியிருக்கேன், நம்பரைப் போடுங்க" என்று ஒருத்தன் சொன்னால் அவன் திருடன்.

அப்படியும் பணம் போய்விட்டால், அழுதுகொண்டு உட்காராமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்க. வங்கிக்கும் எழுத்து மூலமாச் சொல்லி, புகார் எண் வாங்குங்க. உங்க தப்பும் இல்லை, வங்கியின் தப்பும் இல்லை, நடுவிலே எவனோ எடுத்தான் என்றால், மூன்று வேலை நாளைக்குள்ளே சொன்னால் நஷ்டம் உங்களைச் சேராது. நாலிலேருந்து ஏழு நாள் என்றால் ஓரளவு நீங்கள் ஏற்க வேண்டியிருக்கும். ரகசிய எண்ணை நீங்களே சொல்லியிருந்தால், புகார் கொடுக்கிற வரைக்கும் போன பணம் உங்க தலையிலேதான். புகாருக்கு அப்புறம் போனால் வங்கி பொறுப்பு. எப்படிப் பார்த்தாலும் மணிக்கணக்கு முக்கியம்.

கடைசியா ஒண்ணு. சங்கத்துப் பங்குத் தொகையானாலும் வங்கிக் கணக்கானாலும் வாரிசு நியமனப் படிவம் எழுதிக் கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்க. பழைய கணக்குகளிலே அந்த இடம் காலியாகவே கிடக்கும். அடுத்த தடவை உரம் வாங்கச் சங்கத்துக்குப் போகும்போது பாஸ் புத்தகத்தையும் எடுத்துப் போனால் அன்றைக்கே அந்த வேலை முடிந்துவிடும்.