குடியை அளக்கும் கருவி



காய்ச்சல் கண்டவனுடைய உடலைக் கையால் தொட்டும் வெப்பத்தை அறியலாம். வெப்பமானியைக் கொண்டும் அறியலாம். முன்னது ஊகம், பின்னது அளவு. குடிநோயைப் பொறுத்தமட்டில், உலகம் நெடுங்காலம் தொட்டுப் பார்க்கும் நிலையிலேயே இருந்தது. ‘இன்று குடித்தீர்களா?’ என்று மனைவி கேட்பாள், மருத்துவரும் கேட்பார். ‘இல்லை’ என்று விடை வரும். நம்புவதா, ஐயுறுவதா என்னும் தடுமாற்றத்தில் குடும்பத்தின் அமைதியே குலைந்துபோகும். இவ்வையத்தைத் தீர்க்க அறிவியல் செய்தது என்ன, அதனால் செய்ய இயலாதது என்ன என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

குடித்த மது எங்கே போகிறது? அதிலுள்ள மதுசாரத்தின் பெரும்பகுதியைக் கல்லீரல் சிதைத்துவிடுகிறது. ஒரு சிறு பகுதி மட்டும் மூச்சிலும் சிறுநீரிலும் வியர்வையிலும் மாறாமல் வெளியேறுகிறது. நுரையீரலின் நுண்ணறைகளில் இரத்தமும் காற்றும் மெல்லிய சவ்வொன்றே இடையிருக்க நெருங்கி நிற்பதால், ஏறத்தாழ 2,100 மில்லிலிட்டர் மூச்சில் உள்ள மதுசாரம் 1 மில்லிலிட்டர் இரத்தத்தில் உள்ளதற்குச் சமமாகும் என்று கணக்கிடுகின்றனர்.

இந்த உண்மையைக் கொண்டு, அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ரோலா ஹார்கர் என்னும் பேராசிரியர் 1930களில் மூச்சைப் பலூனில் பிடித்துச் சோதிக்கும் முறையை வகுத்தார். அம்மாநிலக் காவல்துறையில் பணியாற்றிய ராபர்ட் போர்க்கன்ஸ்டைன் 1954ஆம் ஆண்டில் ‘பிரெத்தலைசர்’ என்னும் கருவியை உருவாக்கினார். பொட்டாசியம் டைகுரோமேட் கரைசலின் மஞ்சள் நிறம் மதுசாரம் பட்டு மாறுவதை, அக்கருவி ஒளிமின்கலத்தால் அளந்தது. இன்றைய கருவிகள் பலவற்றில் பிளாட்டினம் பூசிய மின்முனைகள் உள்ளன. அங்கே மதுசாரம் ஆக்சிஜனேற்றம் அடையும்போது மின்னோட்டம் பிறக்கிறது. மதுசாரம் மிகுந்தால் மின்னோட்டமும் மிகும்.

ஆயினும், மூச்சுக் கருவி ஊதும் வேளையை மட்டுமே அறியும். காலையில் ஊதியவர் மாலையில் குடித்தால் அதற்குத் தெரியாது. எனவே அறிஞர்கள் தோலை நாடினர். குடித்த மதுசாரத்தில் ஏறக்குறைய நூற்றில் 1 பங்கு தோல் வழியே வெளிப்படுகிறது. ராபர்ட் ஸ்விஃப்ட் என்னும் அமெரிக்க மருத்துவரும் அவர் கூட்டாளிகளும், உடலில் அணியத்தக்க உணர்கருவியைப் பற்றிய ஆய்வை 1992இல் வெளியிட்டனர். 2003 முதல், கணுக்காலில் பூட்டி அரைமணிக்கு ஒருமுறை அளக்கும் ‘ஸ்கிராம்’ என்னும் காப்பு அமெரிக்க நீதிமன்றங்களில் வழக்கத்திற்கு வந்தது. 2016இல் அந்நாட்டு அரசின் மதுநோய் ஆய்வு நிறுவனம் நடத்திய போட்டியில், மணிக்கட்டில் அணியும் கருவியொன்று 2,00,000 டாலர் முதற்பரிசு பெற்றது.

இக்கருவிகளுக்கும் குறைகள் உண்டு. மதுசாரம் இரத்தத்திலிருந்து தோலுக்கு வந்துசேரக் காலம் பிடிக்கிறது. ஆதலால் குடித்த அளவைத் துல்லியமாகச் சொல்வது அரிது. மதுசாரம் கலந்த நறுமணத் தைலமோ கைகழுவும் நீர்மமோ அருகில் பட்டாலும் அளவு பிறழக்கூடும்.

அளந்துவிட்டால் நோய் தீருமா? அமெரிக்காவின் தெற்கு டக்கோட்டா மாநிலத்தில் 2005இல் ஒரு திட்டம் தொடங்கியது. குடித்துவிட்டு வண்டி ஓட்டி மீண்டும் மீண்டும் பிடிபட்டவர்கள் நாள்தோறும் காலையும் மாலையும் வந்து ஊதவேண்டும்; அல்லது கணுக்காலில் காப்பு அணியவேண்டும். தவறினால் உடனே சிறை. அதுவும் ஓரிரு நாளே. 2013இல் வெளிவந்த ஆய்வு, அத்திட்டம் நடைபெற்ற மாவட்டங்களில் குடித்து வண்டியோட்டி மறுமுறை கைதானோர் தொகை 12 விழுக்காடும், இல்லத்து வன்முறைக்காகக் கைதானோர் தொகை 9 விழுக்காடும் குறைந்ததாகக் காட்டியது. ஆசிரியனாகிய எனக்கு இது வியப்பன்று. நாள்தோறும் எடுக்கும் வருகைப் பதிவு மாணவனைப் பள்ளிக்கு வரச்செய்யும் அளவுக்கு, ஆண்டிறுதியில் கொடுக்கும் கடுந்தண்டனை செய்வதில்லை.

ஆனால் வருகைப் பதிவேடு பாடம் கற்பிப்பதில்லை. உணர்கருவியும் நோயைத் தீர்ப்பதில்லை. நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப் பிரமையும் தோன்றி உயிருக்கே இடர் நேரலாம். அங்கே மருத்துவரின் மேற்பார்வை இன்றியமையாதது. நால்ட்ரெக்ஸோன் போன்ற மருந்துகளும், பொறுமையான அறிவுரையும், குடும்பத்தின் துணையும் சேர்ந்தே நோயாளியை மீட்கின்றன.

மேலும், அளவைப் படிப்பவர் யார் என்பதும் பெரிய வினா. மருத்துவர் கையில் அது ஊன்றுகோல். நோயாளி அறியாமல் வேலை கொடுத்தவர் கைக்குச் சென்றால் அதுவே விலங்கு. ஆதலால் நோயாளியின் இசைவு முதலில் வேண்டும்.

குடியை விட்டவருக்கு நேரும் பெருந்துயர் யாது? அவர் உண்மை சொல்லும்போதும் எவரும் நம்பாததே. பல ஆண்டுப் பொய்களால் அவர் சொல் மதிப்பிழந்திருக்கும். மனமுவந்து கருவி அணிந்தவருடைய ‘இல்லை’ என்ற சொல்லுக்கு ஒரு சாட்சி கிடைக்கிறது. குற்றத்தைக் கண்டுபிடிக்கப் பிறந்த கருவி, மனிதனுடைய வாய்மையை மீட்டுத் தருமானால், அதுவே அதன் தலைசிறந்த பயன். நாளைய பொறியியலாளரும் மருத்துவரும் ஆகப்போகும் நீங்கள், கருவியின் துல்லியத்தோடு இப்பயனையும் கருத்திற் கொள்வீர்களாக.