ரோமாபுரிக்குப் புறப்படுமுன்



பிள்ளைகள் தலையெடுத்தபின் பெற்றோரை வெளிநாட்டுக்கு அழைத்துப் போக ஆசைப்படுவார்கள். ரோமாபுரிக்குப் போகும் குடும்பம் நல்ல நாள் பார்ப்பதோடு கிழமையும் பார்க்க வேண்டும். வத்திக்கான் அரும்பொருளகம் ஞாயிறுகளில் மூடியிருக்கும். மாதத்தின் கடைசி ஞாயிறன்று மட்டும் இலவசமாகத் திறப்பார்கள். அன்று கூட்டம் நெரியும். வயதானவர்களுக்கு அது ஆகாது.

தங்குமிடத்தைத் தெர்மினி ரயில் நிலையத்தருகே தேடுங்கள். ஃபியுமிசினோ விமான நிலையத்திலிருந்து ‘லியோனார்டோ எக்ஸ்பிரஸ்’ ரயில் எங்கும் நில்லாமல், சுமார் அரை மணியில் அங்கே வந்து சேரும். ஏ, பி என்னும் இரு சுரங்க ரயில் பாதைகளும் அங்கேதான் சந்திக்கின்றன. ‘ஏ’ வத்திக்கான் பக்கம் கொண்டுபோய் விடும். ‘பி’ கொலோசியத்தின் எதிரிலேயே இறக்கிவிடும். அறை வாடகையோடு, ஆளுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று நகர வரியும் உண்டு. அதையும் கணக்கில் சேருங்கள்.

கி.பி. 80-இல் திறக்கப்பட்ட கொலோசியத்துக்கு முன்கூட்டியே சீட்டு வாங்குங்கள். சீட்டில் உள்ள பெயர் கடப்பிதழில் உள்ளபடியே இருக்க வேண்டும். புனித பேதுரு பேராலயத்துக்குக் கட்டணமில்லை. ஆனால் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும்.

பல வருட உழைப்பில் சேர்ந்த காசு, மூடிய கதவின் முன்னே வீணாகக் கூடாது. ஆகவே, எந்தக் கிழமை எங்கே போவது என்பதை வீட்டிலேயே எழுதி வைத்துக்கொண்டு புறப்படுங்கள்.