கோனி தீவில் ராட்டினம் ஏன் இல்லை?

(கேளிக்கைப் பூங்காக்கள் பற்றிய தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பொங்கோலில் வசிக்கும் குடும்பங்களுக்குக் கோனி தீவை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. சனி, ஞாயிறு வந்தால் சைக்கிளை உருட்டிக்கொண்டு பிள்ளைகளோடு போய்வரும் இடம் அது. சவுக்கு மரம், மணல், பறவைகள், கடல் காற்று. காலை 7 மணிக்குத் திறந்து மாலை 7 மணிக்கு மூடும் வாயிற்கதவு. கட்டணம் கிடையாது. 2015 அக்டோபரில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட 50 ஹெக்டர் பூங்கா.

ஆனால் அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? உலகத்தின் மிகப் பிரபலமான கேளிக்கைப் பூங்கா வட்டாரத்தின் பெயர் அது. நியூயார்க் நகரின் கடற்கரையில் உள்ள கோனி ஐலண்டில் 1897ல் ஸ்டீப்பிள்சேஸ் பூங்காவும், 1903ல் லூனா பூங்காவும், 1904ல் டிரீம்லேண்ட் பூங்காவும் திறக்கப்பட்டன. ராட்டினம், ரோலர் கோஸ்டர், லட்சக்கணக்கான மின்விளக்குகள் என்று அமெரிக்கா வாய்பிளந்து பார்த்த இடம். அந்தப் பெயரைத் தாங்கிய நம் தீவில் ஒரு ராட்டினம்கூட இல்லையே, ஏன்?

இந்தக் கேள்விக்கு விடை தேடினால், கேளிக்கைப் பூங்காத் தொழிலின் முழுக் கணக்கும் தெரிந்துவிடும்.

ஓர் இந்திய வணிகரின் கனவு

பூலாவ் சிராங்கூன் என்பதுதான் தீவின் பழைய பெயர். டைகர் பாம் தைலத்தால் செல்வந்தர்களான ஆவ் பூன் ஹாவ், ஆவ் பூன் பார் சகோதரர்களிடம் அது இருந்தபோது ஹாவ் பார் தீவு என்றும் அழைக்கப்பட்டது. 1930களில் அவர்கள் அங்கே ஒரு கடற்கரை மாளிகையையும் கட்டினார்கள். 1950ல் தீவை வாங்கியவர் குலாம் மஹ்மூத் என்ற இந்திய வணிகர். நியூயார்க்கில் உள்ளதைப் போன்ற உல்லாசத் தலம் ஒன்றை இங்கே உருவாக்குவது அவருடைய திட்டம். தீவுக்குக் கோனி என்ற பெயர் வந்தது அப்போதுதான். திட்டம் நிலைக்கவில்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

நியூயார்க் கோனி ஐலண்ட் வெற்றி பெற்றதற்கு ராட்டினம் மட்டுமா காரணம்? 1920 வாக்கில் சுரங்க ரயில் அதன் வாசலுக்கே வந்தது. கட்டணம் 5 காசு. கூலித் தொழிலாளியும் மனைவி மக்களோடு ஞாயிற்றுக்கிழமை போகலாம், அடுத்த ஞாயிறும் போகலாம். பொங்கோல் கரைக்கு அப்பால் இருந்த தீவுக்கோ படகில்தான் போக வேண்டும். கரைக்கு வருவதற்கே நகரத்திலிருந்து நீண்ட பயணம். இன்றைய பொங்கோலுக்கு 2003ல் வடகிழக்கு ரயில் பாதை வந்தது. 2005ல் எல்ஆர்டி வந்தது. 2024 டிசம்பரில் பொங்கோல் கோஸ்ட் நிலையமும் திறக்கப்பட்டுவிட்டது. அரை நூற்றாண்டுக்கும் மேல் முந்திக்கொண்டு பிறந்த திட்டம் என்று குலாம் மஹ்மூத்தின் கனவைச் சொல்லலாம்.

கேளிக்கைப் பூங்காவின் முதல் பாடம் இதுதான்: மக்கள் சுலபமாக வர வேண்டும். திரும்பவும் வர வேண்டும்.

புலியோடு நடந்தவர்

குலாம் மஹ்மூத்துக்கு முன்பே பொங்கோலில் இன்னொரு முயற்சி நடந்திருக்கிறது. அதையும் செய்தவர் இந்திய வம்சாவளியினரே. வில்லியம் லாரன்ஸ் சோமா பசப்பா என்பது அவர் பெயர். 'விலங்கு வில்லியம்' என்பது ஊர் வைத்த பட்டப்பெயர். நிலச்சுவான்தாரர், விலங்கு வியாபாரி. முதலில் சிராங்கூன் சாலையில் விலங்குகளை வைத்திருந்தவர், 1928ல் பொங்கோல் கடற்கரை ஓரமாக நிலம் வாங்கி ஒரு தனியார் விலங்குத் தோட்டத்தையே அமைத்துவிட்டார். சுமார் 200 விலங்குகளும் 2,000 பறவைகளும் அங்கே இருந்தன. 'அப்பே' என்ற வங்கப் புலி அவர் கூடவே நடந்து வருமாம்.

இங்கே கவனிக்க வேண்டிய வணிக நுணுக்கம் ஒன்று உண்டு. பசப்பா வெறும் நுழைவுச்சீட்டை நம்பி இல்லை. விலங்கு வியாபாரம் ஒரு கால், நிலபுலன்கள் இன்னொரு கால். பார்வையாளர் தரும் காசு மூன்றாவதுதான். 1942ல் ஜப்பானியப் படை நெருங்கியபோது, தீவின் வடகரையைத் தற்காப்புக்காகக் கேட்ட பிரிட்டிஷ் ராணுவம் அவருக்கு 24 மணி நேர அவகாசம் கொடுத்தது. அத்தனை உயிர்களை ஒரே நாளில் எங்கே கொண்டு போவது? ஆபத்தான விலங்குகள் சுட்டுக் கொல்லப்பட்டன. பறவைகள் திறந்துவிடப்பட்டன. அடுத்த ஆண்டே பசப்பாவும் காலமானார். மண்டாய் விலங்கியல் தோட்டம் 1973ல் திறக்கப்படுவதற்கு 45 ஆண்டுகளுக்கு முன்பே ஓர் இந்தியர் செய்த முயற்சி, போரில் அழிந்தது.

வாசலில் சில காசு, உள்ளே ஓர் உலகம்

தேக்காவிலிருந்து நடந்து போகும் தூரத்தில், கிச்சனர் சாலையில் இருக்கும் சிட்டி ஸ்குவேர் மால் பலருக்குத் தெரியும். அந்த இடத்தில்தான் 1923ல் 'நியூ வோர்ல்ட்' பூங்கா தொடங்கியது. 1931ல் 'கிரேட் வோர்ல்ட்', 1930களின் பிற்பாதியில் 'ஹேப்பி வோர்ல்ட்' ஆகியவை வந்தன. வாசலில் கொடுப்பது சில காசுதான். உள்ளே ராட்டினம், சீன நாடகம், மலாய் பங்சாவான், நடனக்கூடம், திரையரங்கு, சாப்பாட்டுக் கடை. கிங் காங், தாரா சிங் போன்ற மல்யுத்த வீரர்களை நம் தாத்தாமார் பார்த்ததும் இத்தகைய பூங்காக்களில்தான்.

வாசல் கட்டணம் குறைவு. ஆனால் ஒவ்வொரு கடையும் வாடகை கொடுத்தது. வாரத்துக்கு இருமுறை வந்தவர்களும் உண்டு. இந்தக் கணக்கு பல பத்தாண்டுகள் தாக்குப்பிடித்தது. 1963ல் தொலைக்காட்சி வீட்டுக்குள் வந்தது. பிறகு குளிர்சாதனக் கடைத்தொகுதிகள் வந்தன. பார்ப்பதற்கும் வாங்குவதற்கும் பூங்காவுக்குப் போக வேண்டிய அவசியம் போய்விட்டது. 1987ல் 'நியூ வோர்ல்ட்' கதவு மூடப்பட்டது.

ஒருமுறை பார்த்தால் போதும் என்ற நோய்

அடுத்து வந்தது 'தீம் பார்க்' காலம். 1937லிருந்து மக்கள் இலவசமாகப் பார்த்துவந்த ஹாவ் பார் வில்லா, 1990ல் 'டிராகன் வோர்ல்ட்' ஆனது. பெரியவர்களுக்கு 16 வெள்ளி கட்டணம். முதலில் கூட்டம் வந்தது. பிறகு வரவில்லை. நேற்றுவரை சும்மா பார்த்த சிலைகளுக்கு இன்று ஏன் 16 வெள்ளி என்று மக்கள் கேட்டார்கள். 1998ல் கட்டணத்தையே கைவிட வேண்டியதாயிற்று. ஜூரோங்கில் 1992ல் திறக்கப்பட்ட டாங் வம்ச நகரமும் 1999ல் மூடப்பட்டது. பழைய சீனத் தலைநகரைப் போலக் கட்டிய அந்த அழகான மதில்களை ஒருமுறை பார்த்தவருக்கு மறுமுறை பார்க்கக் காரணம் இருக்கவில்லை.

இந்தத் தொழிலின் கொடுமையே இதுதான். காலையில் ஒவ்வொரு சவாரியையும் ஆளில்லாமல் ஓட்டிப் பரிசோதிக்க வேண்டும். பூட்டு, பட்டை, பிரேக் எல்லாம் பார்க்க வேண்டும். அன்றைக்கு 20 பேர் வந்தாலும் 2,000 பேர் வந்தாலும் அதே ஆள், அதே மின்சாரம், அதே காப்புறுதி. பள்ளி விடுமுறையில் நிரம்பி வழியும் இடம், மழை பெய்யும் செவ்வாய்க்கிழமை காலியாகக் கிடக்கும். ஹோட்டல்காரர் மீந்த அரிசியை நாளைக்குச் சமைக்கலாம். காலியாக ஓடிய ராட்டினத்தின் இருக்கையை நாளைக்கு விற்க முடியாது.

பாதுகாப்பில் சமரசமும் கூடாது. யுனிவர்சல் ஸ்டுடியோஸின் இரட்டை ரோலர் கோஸ்டர் 2013 ஜூலையில் மூடப்பட்டு 2015 மே மாதம்தான் திரும்ப ஓடியது. வரிசைக்கு நால்வர் என்றிருந்த பெட்டிகள் இருவர் உட்காரும் பெட்டிகளாக மாறின. பூங்காவின் முக்கியமான சவாரி ஏறத்தாழ ஈராண்டு நின்றிருந்தாலும் அந்த நிறுவனம் தாங்கியது. எப்படி? பக்கத்திலேயே ஹோட்டல்கள், சூதாட்டக்கூடம். 2005ல் அரசாங்கம் ஒருங்கிணைந்த உல்லாசத் தளங்களுக்கு ஒப்புதல் அளித்ததன் விளைவாக வந்ததுதான் 2010ல் திறக்கப்பட்ட அந்தப் பூங்கா. அங்கே பிள்ளைகள் சிரிக்கும் சிரிப்பின் பின்னால் சூதாட்ட மேசையின் வருமானமும் இருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

தமிழ்நாட்டிலும் இதே கணக்குதான். சென்னை வொண்டர்லா 2025 டிசம்பரில் திறக்கப்பட்டது. அதற்கு முன் கேளிக்கை வரி விலக்குக்காக அந்தத் திட்டம் பல ஆண்டுகள் காத்திருந்தது. சீட்டு விலையில் ஒரு சிறு பங்கு கூடினாலும் குடும்பங்கள் திரும்ப வராது என்பது தொழில் தெரிந்தவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

நடுப்படி எங்கே?

இப்போது பொங்கோலுக்குத் திரும்புவோம். இளம் குடும்பங்கள் நிறைந்த நகரம். ஒரு பக்கம் வீவக அடுக்குமாடிக்குக் கீழே இருக்கும் விளையாட்டு இடமும் கோனி தீவும். செலவில்லை. மறுபக்கம் செந்தோசா. பெரியவர் ஒருவருக்கு 80 வெள்ளிக்கு மேல். பெற்றோரும் இரண்டு பிள்ளைகளும் போனால் நுழைவுக்கே ஏறத்தாழ 300 வெள்ளி. சாப்பாடு தனி, பொம்மை தனி. மாதச் சம்பளத்தை எண்ணிச் செலவழிக்கும் வீட்டில் அது வருடத்துக்கு ஒருமுறை. சில வீடுகளில் அதுவும் இல்லை. வகுப்பில் மற்ற பிள்ளைகள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு மௌனமாக இருக்கும் பிள்ளையும் நம்மிடையே உண்டு.

இவ்விரண்டுக்கும் இடையே ஒரு நடுப்படி இருந்தது. பக்கத்துப் பாசிர் ரிஸ் டௌன்டவுன் ஈஸ்ட்டில் 2000ல் திறக்கப்பட்ட 'எஸ்கேப்' பூங்கா. உலகத் தரம் என்று யாரும் பெருமை பேசவில்லை. ஆனால் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் பிறந்தநாளுக்கும் பள்ளி விடுமுறைக்கும் அது போதுமானதாக இருந்தது. 2011 நவம்பரில் அது மூடப்பட்டது. 2004ல் வந்த 'வைல்ட் வைல்ட் வெட்' தண்ணீர்ப் பூங்கா மட்டும் அங்கே தொடர்கிறது. அதைத் தாங்குவதும் அருகிலுள்ள தங்கும் விடுதிகளும் கடைகளும்தான். அது மட்டுமல்ல, வெயில் கொளுத்தும் ஊரில் தண்ணீருக்கு மறுமுறை போக யாரும் காரணம் தேட மாட்டார்கள்.

ஆகவே, பூங்கா நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கூட்டமில்லாத வார நாள்களில் காலியாக ஓடும் இருக்கைகளை அக்கம்பக்கத்துக் குடும்பங்களுக்குக் குறைந்த விலையில் கொடுங்கள். அது தருமம் அல்ல, நல்ல வியாபாரம். சுற்றுப்பயணி ஒருமுறை வருவார், அடுத்த தெருக்காரர் பத்து முறை வருவார். வட்டாரத் திடல்களில் வந்துபோகும் கேளிக்கைச் சந்தைகளுக்கும் இடம் கொடுங்கள். ஒரு சிறிய ராட்டினம் சில வெள்ளிக்குச் சுற்றினாலும் பிள்ளைக்கு அது ராட்டினம்தான்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. செந்தோசாவுக்குப் போக முடியாத மாதத்தில் பிள்ளைகளைப் பொங்கோல் கடற்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். இந்தக் கரையில் ஒருவர் புலியோடு நடந்தார், எதிரே உள்ள தீவில் ஒருவர் நியூயார்க்கைக் கொண்டுவர நினைத்தார் என்று சொல்லுங்கள். இருவரும் நம்மைப்போல் இந்திய வேர் உள்ளவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்தக் கதைக்கு நுழைவுச்சீட்டு வேண்டாம்.